காவற் கருவிக்கு உரிய இடம்

மட்டக்களப்பு வாவியிற் பாடும் மீன்களின் ஓசையைக் கேட்க விழைவோர், பூரணை இரவிற் கல்லடிப் பாலத்தருகே தோணியை நிறுத்துவர். துடுப்பின் ஒரு முனையை நீருள் இறக்கி, மறு முனையிற் காதை வைப்பர். செவி எத்துணைக் கூரியதாயினும், துடுப்பு நீரைத் தொடாவிடின் அவ்வோசை எட்டாது. ஆலைகளில் நச்சு வாயுவை உணர்ந்து மணியடிக்கும் கருவிக்கும் இவ்விதி பொருந்தும். வாயு செல்லும் வழியில் அஃது இல்லையெனின், விலையுயர்ந்த கருவியும் வீணே.

வாவிக்கு வடக்கே, வாழைச்சேனையில் 1950களில் எழுந்த கடதாசி ஆலை வைக்கோலைக் கூழாக்கிக் கடதாசி செய்தது. கூழை வெண்மையாக்கக் குளோரீனைக் கையாளுதல் அக்காலக் கடதாசித் தொழிலில் உலகெங்கும் வழங்கிய முறை. குளோரீன் காற்றினும் ஏறத்தாழ இரண்டரை மடங்கு பாரமானது. கசிந்தால் நிலத்தோடு ஊர்ந்து, குழிகளிலும் வடிகால்களிலும் தேங்கும். ஆதலால் அதற்குரிய கருவி முழங்கால் உயரத்தில், வால்வுகளுக்கும் குழாய்ப் பொருத்துகளுக்கும் அண்மையில் அமைதல் வேண்டும்.

மீனைப் பழுதுறாமற் காக்கப் பனிக்கட்டி செய்யும் ஆலைகளிற் பயன்படும் அமோனியாவோ காற்றினும் இலேசானது. கூரையை நோக்கி எழுவது. அதற்குக் கருவி உயரத்தில் வேண்டும். எனினும் திரவ அமோனியா பீறிட்டால், ஈரக்காற்றோடு கலந்து, குளிர்ந்த வெண்புகாராய் நிலத்தில் தவழ்வதும் உண்டு. ஈரம் மிக்க வாவிக்கரையில் இதனை மறத்தலாகாது. தாழ்விலும் ஒரு கருவி வைத்தலே அறிவுடைமை.

தேங்கிய கூழ் அழுகுமிடத்துப் பிறக்கும் ஐதரசன் சல்பைட்டு, அழுகிய முட்டையின் நாற்றமுடையது. ஆயினும் காற்றின் பத்து இலட்சம் பங்கில் அது 100 பங்கை எட்டியதும் மூக்கு மரத்துப்போகும். நாற்றம் நீங்கிற்றென நம்பித் தொட்டியுள் இறங்குபவர் உயிரோடு மீள்வது அரிது. இறங்குமுன் தொட்டியின் மேலும் நடுவும் அடியும் கருவியாற் சோதிக்கப்படல் வேண்டும்.

வெளிப்புறத்திற் காற்றின் திசையும் கருதத்தக்கது. ஆண்டின் ஒரு பகுதியில் வாடையும், மறு பகுதியிற் கச்சானும் வீசும் நாட்டில், ஒரு பக்கத்திற் கருவி வைத்து அமைதி கொள்ளலாகாது. உப்புக் காற்று கருவியையும் பழுதாக்கும். ஆகவே அளவறிந்த வாயுவைக் காட்டி அதனைக் காலந்தோறும் சோதித்தல் இன்றியமையாதது.

1984 டிசம்பர் 2ஆம் நாள் இரவு, இந்தியாவின் போபால் நகரில் மீதைல் ஐசோசயனேற்று கசிந்தது. அதனை முதலில் அறிவித்தவை தொழிலாளரின் எரிந்த கண்களே. பாரமான அவ்வாயு அண்டைக் குடிசைகளுட் புகுந்து, உறங்கியோரில் ஆயிரக்கணக்கானோரின் உயிரைக் கவர்ந்தது.

எனவே, கருவிக்கு இடம் குறிக்கும் பொறியியலாளர் வரைபடத்தோடு அமையாது, ஆலைத் தளத்தில் நாளும் உழைப்போரையும் வினவுதல் வேண்டும். எந்த மூட்டு அடிக்கடி கசியும், எந்த மூலையில் நெடி தங்கும் என்பதை அறிந்தவர் அவர்களே. மணி ஒலிக்கும்போது முதலில் ஓடித் தப்பவேண்டியவரும் அவர்களே.