தேநீர்க் கடையும் கணனியும்

திம்புள்ளைத் தோட்டங்களில் கொழுந்து நிறுக்கும் கணக்கப்பிள்ளையைக் கேளாமல் செக்ரோல் ஏட்டை மாற்றியமைப்பார் உளரோ? கணனிக்கும் அவ்வாறே, பணிபுரிவோரை முதலிற் கேட்டறிதல் வேண்டும்.

இலங்கைத் தேயிலை பேர்பெற்ற இலண்டனில், தேநீர்க் கடைகள் நடத்திய லயன்ஸ் நிறுவனம் லியோ என்னும் கணனியை 1951இல் அலுவலகப் பணியில் அமர்த்தியது. அதற்குரிய வேலைகளை ஆராய்ந்து வகுத்தவர் டேவிட் காமினர். 1954இல் கடைகளின் அன்றாடக் கட்டளைகளும் லியோவிடம் வந்தன. ஒவ்வொரு கடைக்கும் கிழமையின் நாள்தோறும் நிலையான பட்டியல் ஒன்று வகுக்கப்பட்டது. கடைத்தலைவி மாற்றங்களை மட்டும் தொலைபேசியிற் சொன்னாற் போதும். அவரது தேவையைப் பிழைபட உணர்ந்திருப்பின், பொறி பழுதின்றி ஓடியும் மறுநாள் கடையில் ரொட்டி இராது.

இக்கலைக்குத் 'தேவைப் பொறியியல்' என்ற பெயர் பிந்தியே வழங்கலாயிற்று. அதற்கென அனைத்துலக ஆய்வரங்கு 1993இல் சான் டியாகோவிற் கூடியது.