பதினொரு பேரும் ஒரு பதிவேடும்

அல்சேஷன் என்று திருப்பூர்ப் பக்கம் சொல்லப்படும் நாய்க்குப் பிறந்த நாட்டில் அந்தப் பெயர் கிடையாது. அங்கே அது ஜெர்மன் மேய்ப்பு நாய். முதலிபாளையம் சிட்கோவில் ஒரு பனியன் கம்பெனியின் கேட்டுக்குள் கட்டிப்போடும் காவல் நாயாக அது இன்று இருக்கலாம். அதன் முன்னோர்களுக்கோ காவல் வேலை இரண்டாம்பட்சம். முதல் வேலை வேலியாக இருப்பது. கொங்கு நாட்டுக் கொறங்காட்டில் ஆடுகளைக் கிளுவை வேலி தடுக்கிறது. வேலியே இல்லாத ஜெர்மானிய வயல்களுக்கு நடுவே மந்தையை ஓட்டிப்போகும்போது, வெள்ளாமையில் ஆடு வாய் வைக்காதபடி வரப்போரமாக மேலும் கீழும் நாள் முழுக்க ஓடியது இந்த நாய்.

ஓர் இனம் என்று அப்போது அதை யாரும் சொல்லவில்லை. துரிங்கியா வட்டாரத்து நாய்க்குக் காது விறைத்து நிற்கும், ஓநாயின் நிறம், ஒடிசலான உடம்பு. வுர்ட்டெம்பெர்க் நாய் கனத்த எலும்பும் அடங்கிய குணமும் உள்ளது. ஊருக்கு ஒரு சாயல். மேய்ப்பனுக்கு வேண்டியது வேலை, சாயல் அல்ல.

இந்த நாய்களுக்காக முதலில் எழுந்த சங்கத்தின் பெயர் பைலாக்ஸ். 1891இல் தொடங்கி 1894இல் கலைந்தது. சங்கத்துக்குள்ளே சிலர் அழகான நாயை வளர்க்க நினைத்தார்கள், சிலர் உழைக்கும் நாயை. அந்தச் சண்டை தீரவே இல்லை. மூன்றே வருடத்தில் கதவைச் சாத்திய இந்தச் சங்கத்தை வரலாறு சொல்பவர்கள் ஒரு வரியில் கடந்துவிடுவார்கள். அது நியாயமில்லை. பின்னால் வந்தவர்கள் எந்தக் கேள்விக்கு முதலில் பதில் எழுதிவைக்க வேண்டும் என்பதைக் காட்டிக்கொடுத்தது இந்தத் தோல்விதான்.

பதில் எழுதியவர் மாக்ஸ் ஃபான் ஸ்டெஃபானிட்ஸ், குதிரைப்படைக் கேப்டன். 1899 ஏப்ரலில் கார்ல்ஸ்ரூ நகரத்து நாய்க் கண்காட்சிக்கு நண்பர் ஆர்தர் மேயருடன் போனார். ஹெக்டர் லிங்ஸ்ரைன் என்ற நாயைப் பார்த்தார், பிடித்துப்போயிற்று, வாங்கி, ஹோராண்ட் ஃபான் கிராஃப்ராத் என்று பெயரை மாற்றினார். அதே மாதம் 22ஆம் தேதி, அதே ஊரில், ஜெர்மன் மேய்ப்பு நாய்ச் சங்கம் பிறந்தது. கூடியிருந்தவர்கள் யார்? இந்த இருவரோடு மந்தைக்காரர் மூவர், தொழிற்சாலை முதலாளிகள் இருவர், ஒரு கட்டடக் கலைஞர், ஒரு நகரத் தலைவர், ஒரு விடுதிக்காரர், ஒரு நீதிபதி. மொத்தம் பதினொரு பேர். ஆலை முதலாளியும் ஆட்டுக்காரரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தது திருப்பூர் மாவட்டத்துக்காரர்களுக்கு ஆச்சரியமாக இருக்காது. இங்கே பலர் காலையில் பட்டியைத் திறந்துவிட்டு அப்புறம் கம்பெனிக்குப் போகிறவர்கள்.

சங்கம் செய்த முதல் காரியம் ஒரு ஏட்டைத் திறந்தது. எஸ்.இசட். 1 என்ற முதல் எண் ஹோராண்டுக்கு. அதற்குப் பின் பிறந்த ஒவ்வொரு குட்டிக்கும் தாய் யார், தகப்பன் யார் என்று எழுத வேண்டும். இரண்டாவது காரியம் இலக்கணம் வகுத்தது. மேயரும் ஸ்டெஃபானிட்ஸும் எழுதிய அது, அந்த ஆண்டு செப்டம்பரில் பிராங்க்ஃபர்ட் கூட்டத்தில் ஏற்கப்பட்டது. பையர் ஒப்புக்கொண்ட சாம்பிளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கட்டிங் போடுவதைப் போன்ற ஏற்பாடு இது. நாயை நேராக நிறுத்தி, தோள்மேட்டுக்குப் பக்கத்தில் அளவுகோலை வைத்துப் பார்க்கிறார்கள். இன்றைய இலக்கணப்படி ஆண் 60 முதல் 65 சென்டிமீட்டர், பெண் 55 முதல் 60. அதற்கு மேலே போனால், எத்தனை கம்பீரமாக இருந்தாலும் அது குறைதான்.

பைலாக்ஸைக் கவிழ்த்த கேள்விக்கும் விடை எழுதப்பட்டது: வேலைக்கே முதலிடம். ஆனால் ஆலைகள் பெருகின, மந்தைகள் குறைந்தன. வேலை இல்லாவிட்டால் இனம் எதற்கு? ஸ்டெஃபானிட்ஸ் போலீசையும் ராணுவத்தையும் தேடிப்போனார். மோப்பமும் காவலும் புது மேய்ச்சலாயின. ஆங்காங்கே வட்டாரக் கிளைகள் முளைத்தன. உள்ளூர் மைதானத்தில் வாரந்தோறும் பழக்குவதும் சோதிப்பதும் அவற்றின் பொறுப்பு. 1935 வரை அவரே தலைவர். 1936ஆம் ஆண்டு, சங்கம் தொடங்கிய அதே ஏப்ரல் 22ஆம் தேதி இறந்தார்.

குறையும் இருந்தது. நல்ல நாய் என்று ஹோராண்டின் ரத்தத்தையே திரும்பத் திரும்பச் சேர்த்ததில் இனம் குறுகியது. இடுப்பு மூட்டு நோய் பரவலாகி, சோதித்த நாய்களுக்கு முத்திரை தரும் முறையை 1966இல்தான் சங்கம் கொண்டுவந்தது. யாருக்கு யார் பிறந்தார்கள் என்ற ஏடு கையில் இருந்ததால்தான் அந்தக் கணக்கைப் பார்க்க முடிந்தது.

அல்சேஷன் என்ற பெயர் முதல் உலகப் போரின் பிள்ளை. போர்முனையில் இந்த நாயைப் பார்த்த பிரிட்டிஷ் அதிகாரிகள் ஊர் திரும்பி 1919இல் ஒரு சங்கம் தொடங்கினார்கள். ஜெர்மன் என்ற சொல்லை வாயில் வைக்க முடியாத நேரம். பிரெஞ்சு-ஜெர்மன் எல்லைப்புறத்து அல்சேஸின் பெயரைச் சூட்டினார்கள். அந்த ஆண்டு பிரிட்டனில் பதிவானவை 54. 1926இல் 8,000க்கு மேல். 1977இல் ஜெர்மன் பெயர் திரும்பியது. தமிழ்நாட்டில் பழைய பெயர் இன்னும் போகவில்லை.

தமிழ்நாட்டின் சொந்த நாய்களுக்குக் கதை வேறு வழியில் நடந்தது. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி என்று பெயர்களுக்குப் பஞ்சமில்லை. ராஜபாளையம் நாய்க்கு 2005இல் தபால்தலை வந்தது. சென்னை சைதாப்பேட்டையில் அரசு நாட்டு நாய்களை இனவிருத்தி செய்தது. கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபணு வளப் பணியகம் ராஜபாளையத்தையும் சிப்பிப்பாறையையும் இனங்களாகப் பதிந்தது. எல்லா இனத்துக்கும் பொதுவான கென்னல் கிளப்பும் உண்டு. ஆனால் கிராமத்தில் பிறக்கும் குட்டிகளில் பெரும்பாலானவை எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை. கைமாறும்போது பெயர் மட்டும் கூடப் போகிறது.

மாட்டுக்கு இந்த வட்டாரம் வழி கண்டிருக்கிறது. காங்கயம் மாட்டைப் பழையகோட்டைப் பட்டக்காரர்கள் தலைமுறைகளாகத் தேர்ந்து வளர்த்தார்கள். இன்று குட்டப்பாளையத்தில் அந்த இனத்துக்கென்றே ஓர் அறக்கட்டளை இருக்கிறது. பழையகோட்டை ஞாயிற்றுச் சந்தையில் பொலிகாளையின் வம்சம் கேட்காமல் மாடு பிடிப்பவர் குறைவு. நாய்க்குட்டி வாங்கும்போது அந்தக் கேள்வி எழுவதில்லை.

அந்தக் கேள்வி வேண்டியதற்கு ராஜபாளையமே சாட்சி. வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு, பார்க்க அழகு. அந்த வெள்ளையோடு சேர்ந்தே வருகிறது செவிட்டுத்தன்மை. குட்டிகளுக்குக் காது திறந்து சில வாரம் கழித்து, அவற்றின் பின்னால் நின்று ஒரு தட்டைத் தட்டிப் பார்க்கலாம். ஐந்து தலை திரும்பும். ஒன்று மட்டும் தூங்கிக்கொண்டே இருக்கும். அதன் தாய் தகப்பன் பெயரைக் குறித்துக்கொண்டு, அந்த ஜோடியை மறுபடி சேர்க்காமல் விடுவதற்கு, பக்கத்துப் பக்கத்து ஊர்களில் அதே நாயை வளர்க்கும் பத்துப் பேரும் ஒரு நோட்டும் வேண்டும்.