வீட்டு வாசலில் மின்னேற்றம்



திருவனந்தபுரம் நகருக்கு மின்விளக்கு வந்தது 1929-ஆம் ஆண்டில். பள்ளிவாசல் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது 1940-இல். அந்நாளில் வீட்டுக்குள் வந்த மின்கம்பி இரண்டு மூன்று விளக்குகளையும், வசதி படைத்தோர் இல்லமாயின் ஒரு விசிறியையும் தாங்கினாற் போதும். இன்றோ அதே வீட்டின் வாசலில் மின்சாரக் கார் ஒன்று வந்து நிற்கிறது. இரவு முழுதும் எட்டு மணி நேரம் இடைவிடாமல் அது மின்சாரத்தை உண்கிறது. வேறெந்த வீட்டுச் சாதனமும் இவ்வளவு நேரம் இவ்வளவு மின்சாரத்தைத் தொடர்ந்து இழுப்பதில்லை. ஆகவே காரைத் தேர்ந்தெடுப்பதில் நாம் செலுத்தும் கவனத்தில் ஒரு பாதியையேனும், அதற்கு உணவூட்டும் மின்னேற்றியைத் தேர்ந்தெடுப்பதில் செலுத்த வேண்டும். சார்ஜர் என்று யாவரும் வழங்கும் அப்பெட்டியைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறோம்.

முதலில் ஒரு மயக்கத்தைத் தெளிவு செய்துகொள்வோம். சுவரில் மாட்டும் பெட்டி உண்மையில் ஒரு வாயிற்காவலன், அவ்வளவே. காருடன் பேசி, எவ்வளவு மின்சாரத்தை விடலாம் என்று அறிந்து, கதவைத் திறந்து மூடுவது அதன் பணி. வீட்டின் மாறுமின்னோட்டத்தை மின்கலத்துக்கு ஏற்ற நேர்மின்னோட்டமாக மாற்றும் கருவி காருக்குள்ளேயே இருக்கிறது. அக்கருவி 3.3 கிலோவாட் மட்டுமே ஏற்குமாயின், சுவரில் 11 கிலோவாட் பெட்டியை மாட்டினாலும் கார் வேகமாக உண்ணாது. ஆதலின் கடைக்காரர் கூறும் எண்ணைக் கேட்குமுன், காரின் கையேட்டில் உள்ள எண்ணைப் பாருங்கள்.

அடுத்த கேள்வி, நமக்கு எவ்வளவு மின்சாரம் தேவை என்பது. நடுத்தரக் கார் ஒன்று, ஒரு யூனிட் மின்சாரத்தில் ஏறக்குறைய ஆறு ஏழு கிலோமீட்டர் ஓடும். கரமனையிலிருந்து கழக்கூட்டம் வரை நாள்தோறும் வேலைக்குச் சென்று வருபவர், வழியில் நின்று செல்லும் இடங்களையும் சேர்த்து, நாற்பது கிலோமீட்டர் ஓட்டுவதாகக் கொள்வோம். ஆறேழு யூனிட் போதும். சாதாரணமான 16 ஆம்பியர் இணைப்பு, 3.3 கிலோவாட் வீதம் எட்டு மணி நேரத்தில் இருபத்தாறு யூனிட் அளிக்கும். அதாவது நூற்றைம்பது கிலோமீட்டர் ஓட்டத்துக்கான தீனி. நாகர்கோவில் சென்று திரும்புவதற்கும் அது போதுமானது. 7.4 கிலோவாட் பெட்டி வேண்டுவோர் யார்? நெடுந்தொலைவு ஓட்டுவோரும், ஒரே இரவில் பெரிய மின்கலத்தை நிரப்ப வேண்டியவரும், வீட்டில் இரு கார் வைத்திருப்போருமே. மற்றவர்க்கு அது பெருமைக்குரிய பொருளேயன்றித் தேவைக்குரிய பொருளன்று.

மூன்றாவது கேள்வியே முதன்மையானது: நம் வீடு இதைத் தாங்குமா? இதில் நாம் பட்ட அனுபவத்தை ஒளிக்காமல் கூறிவிடுகிறோம். கரமனைப் பக்கத்தில் நம் வீடு பழைய வீடு. கார் வந்த முதல் வாரத்தில், சலவை இயந்திரத்துக்கென்று வைத்திருந்த பிளக்கிலேயே, சன்னல் வழியாகக் கம்பியை இழுத்துச் செருகினோம். மூன்றாம் இரவு ரப்பர் கருகும் வாடை எழுப்பிற்று. சென்று பார்த்தால் பிளக்கின் முகம் பழுப்பேறி, கையால் தொட முடியாத சூடு. உள்ளே ஒரு திருகு தளர்ந்திருந்தது. சுவருக்குள் ஓடிய கம்பியும் மெல்லியது. சலவை இயந்திரம் அரை மணி ஓடி நின்றுவிடும், குறை வெளிப்படவில்லை. கார் எட்டு மணி நேரம் இழுத்தது; குறை வெளிப்பட்டது. அன்றிரவு நாம் விழித்ததால் தப்பினோம். விழிப்பை நம்பி மின்சாரத்தை நடத்தலாகாது என்பதே அன்று கற்ற பாடம்.

ஆகவே, காருக்கென்று தனி வழி வேண்டும். மீட்டரை அடுத்த பலகையிலிருந்து நேரே, இடையில் வேறெதற்கும் கிளை பிரியாமல், ஒரு செம்புக் கம்பி செல்லட்டும். 16 ஆம்பியர் இணைப்புக்கு 4 சதுர மில்லிமீட்டர் கம்பி நிம்மதி தரும். 32 ஆம்பியர் பெட்டிக்கு 6 சதுர மில்லிமீட்டருக்குக் குறையலாகாது. தொலைவு மிகுந்தால் அதனினும் பருமன் வேண்டும். அதற்கென்று தனி எம்.சி.பி. வேண்டும். மின்கசிவைக் கண்டு கணத்தில் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி., 30 மில்லி ஆம்பியர் அளவில் வேண்டும். இதில் ஒரு நுட்பம் உண்டு. வீடுகளில் வழக்கமாக மாட்டும் 'ஏசி' வகை, காரிலிருந்து கசியக்கூடிய நேர்மின்னோட்டத்தை உணராது. பெட்டிக்குள்ளேயே நேர்மின் கசிவை உணரும் அமைப்பு இருந்தால் 'ஏ' வகை போதும்; இல்லையேல் 'பி' வகை தேவை. வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். நீட்டிப்புப் பலகை எனப்படும் எக்ஸ்டென்ஷன் பெட்டியைக் காருக்கு ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள்.

எர்த் இணைப்பைப் பற்றி ஒரு சொல். திருவனந்தபுரத்தின் செம்புரை நிலம் கோடையில் வறண்டு கல்லாகிவிடும்; அப்பொழுது எர்த் குழியின் தடை ஏறும். பழைய வீடுகளில் அக்குழி எங்கிருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது. கருவி கொண்டு அளந்து பார்க்கச் சொல்லுங்கள். நல்ல சார்ஜர் எர்த் சரியில்லையெனில் இயங்க மறுக்கும். அது பழுதன்று, எச்சரிக்கை. மேலும் இவ்வூரில் ஐப்பசி மாதத்து மாலை இடிமின்னல் பெயர் பெற்றது. மின்னெழுச்சியைத் தடுக்கும் கருவி ஒன்றைப் பலகையில் சேர்ப்பது நலம். இடி முழங்கும் வேளையில் பிளக்கைக் கழற்றி வைப்பது அதனினும் நலம். எடவப்பாதியின் சாரல் நேரே அடிக்காத சுவராகப் பார்த்துப் பெட்டியை மாட்டுங்கள். வேலையை உரிமம் பெற்ற மின்பணியாளரிடமே ஒப்படையுங்கள்.

இனி மின்வாரியம். கேரளத்தில் பொதுவாக 5 கிலோவாட் இணைப்புச் சுமைக்கு மேற்பட்டால் மும்முனை இணைப்பு வேண்டும். இண்டக்ஷன் அடுப்பும், சுடுநீர்க் கருவியும், குளிர்சாதனமும் உள்ள ஒருமுனை வீட்டில் 7.4 கிலோவாட் பெட்டியைச் சொல்லாமல் மாட்டுவது முறையன்று. செக்ஷன் ஆபீசில் எழுதிக் கொடுத்துச் சுமையை உயர்த்திக்கொள்ள வேண்டும்.

கட்டணத்திலும் ஒரு கண்ணி இருக்கிறது. இங்கே மாதத்துக்கு 250 யூனிட் வரை படிப்படியான விகிதம். அதைக் கடந்தால் முதல் யூனிட்டிலிருந்தே உயர்ந்த ஒரே விகிதம். நாம் மேலே கணக்கிட்ட கார், மாதம் இருநூறு யூனிட் உண்ணும். வீட்டுச் செலவு நூற்றைம்பதாயின் கூட்டுத்தொகை எல்லையைத் தாண்டிவிடும். கார் உண்டதற்கு மட்டுமின்றி, விளக்குக்கும் விசிறிக்கும் கூடுதல் விலை கொடுக்க நேரும். இதற்கு வழி உண்டு. காருக்கென்று தனி இணைப்புக் கேட்கும் உரிமையை 2024-ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட நடுவணரசின் மின் நுகர்வோர் விதிகள் அளித்துள்ளன. இரண்டு முறைகளிலும் கட்டணம் எவ்வளவாகும் என்று செக்ஷன் ஆபீசில் கேட்டு, தாளில் கணக்கிட்டுப் பார்த்த பின்னரே முடிவு செய்யுங்கள்.

வேளையும் முக்கியம். 2024-ஆம் ஆண்டு மே மாதத்தில் கேரளத்தின் உச்ச மின்தேவை 5,700 மெகாவாட்டையும் கடந்தது. இரவு வேளைகளில் கார்களுக்கு மின்னேற்ற வேண்டாம் என்று வாரியம் மக்களை வேண்டிக்கொண்டது. வீடு திரும்பியதும் மாலை ஆறு மணிக்கே பிளக்கைச் செருகுவது, ஊரெல்லாம் நீரிறைக்கும் நேரத்தில் நாமும் கிணற்றடியில் குடத்தோடு முண்டியடிப்பதற்கு ஒப்பாகும். பத்து மணிக்கு மேல் தானே தொடங்கும்படி சார்ஜரிலோ காரிலோ நேரத்தைக் குறித்து வைக்கலாம். கூரையில் சூரியத் தகடு வைத்திருப்போரும், பகலில் வீட்டிலிருப்போரும் நண்பகலிலேயே மின்னேற்றிக்கொள்ளலாம்.

வலியசாலை, கோட்டையகம் போன்ற பகுதிகளில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் வாழும் நம்மவர் பலருக்குக் கார் நிறுத்த வாசலே இல்லை. தெருவின் குறுக்கே கம்பி இழுப்பது அயலாருக்கு ஆபத்து. அவர்கள் பொது மின்னேற்ற நிலையத்தையோ, பணியிடத்தையோ நாடுவதே நேர்மை. வாடகை வீட்டில் இருப்போர், உரிமையாளரின் இசைவை எழுத்தில் பெற்று, தனி வழியும் நல்ல பிளக்கும் அமைத்து, கையோடு எடுத்துச் செல்லும் சார்ஜரை வைத்துக்கொள்ளலாம். வீடு மாறும்போது அது நம்முடன் வரும். அடுக்ககத்தில் வாழ்வோர் முதலில் சங்கத்தைக் கலந்து, பொது மீட்டரிலிருந்து இழுக்காமல் தம் கணக்கிலேயே இணைப்புப் பெற வேண்டும்.

பெங்களூரிலும் மும்பையிலும் டில்லியிலும் வாழும் நேயர்களுக்குக் கட்டண விதிகள் மாறலாம். ஆயினும் கேள்விகள் மாறா. கார் எவ்வளவு ஏற்கும்? நமக்கு எவ்வளவு தேவை? வீடு எவ்வளவு தாங்கும்? இம்மூன்றில் மிகச் சிறிய விடை எதுவோ, அதற்கேற்ற சார்ஜரே நமக்குரிய சார்ஜர். அதற்கு மேல் செலவிடப் பணமிருந்தால், அதைப் பெட்டிக்குக் கொடாமல், கம்பிக்கும் எர்த்துக்கும் கொடுங்கள். அவை கண்ணுக்குத் தெரியா. நாம் உறங்கும்போது வீட்டைக் காப்பவை அவையே.