"உன் ரேங்க் என்ன?" – இது வெறும் கேள்வி இல்லை!

(மாணவர் அணிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையிலிருந்து)

தோழர்களே,

ஐஐடியில் இடம் கிடைச்சு, பெட்டியோட ஹாஸ்டலுக்குள்ள நுழையுற பிள்ளைகிட்ட சீனியர்கள் கேட்கிற கேள்வி இது: "ஜேஇஇ ரேங்க் என்ன?"

கேட்க சாதாரணமா இருக்கும். ஆனால் எந்தத் துறைக்குப் பொதுப் பட்டியல் எந்த ரேங்க்கோடு முடிந்தது என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். எண்ணைச் சொன்னாலே பிரிவு தெரிந்துவிடும். சாதியை வாய்விட்டுக் கேட்காமலே தெரிந்துகொள்ளும் வழி அது!

அப்புறம் என்ன? "ஓ, கோட்டாவா?" என்று ஒரு சிரிப்பு. புராஜெக்ட் குழுவில் கடைசி ஆளாகச் சேர்ப்பது. "உனக்கென்னப்பா, ஈஸியா கிடைச்சிடும்" என்று ஒரு குத்தல். தனித்தனியாகப் பார்த்தால் புகார் எழுதக்கூட முடியாத சின்ன விஷயங்கள். தினமும் நடந்தால்? அதே பாடம் படித்து, அதே பரீட்சை எழுதுகிற பிள்ளை, "நான் இங்கே இருக்க வேண்டியவன்தானா?" என்று தன்னையே சந்தேகப்படுகிறான்.

இது கற்பனை இல்லை. டெல்லி எய்ம்ஸில் பட்டியலின, பழங்குடி மாணவர்கள் ஒதுக்கப்படுவதை 2007-லேயே தோரட் குழு பதிவு செய்தது. 2016-ல் ரோஹித் வெமுலாவை இழந்தோம். 2019-ல் டாக்டர் பாயல் தட்வியை இழந்தோம். அந்த இரண்டு தாய்மார்களும் உச்ச நீதிமன்றப் படியேறினார்கள். 2023-ல் ஐஐடி பாம்பே, ரேங்க்கைக் கேட்காதீர்கள் என்று மாணவர்களுக்கு அறிவுறுத்தியது. பிரச்சினை இல்லாமலா அறிவுறுத்தினார்கள்? 2026 ஜனவரியில் யுஜிசி புதிய சமத்துவ விதிகளைக் கொண்டு வந்தது. அதே மாதம் உச்ச நீதிமன்றம் அவற்றை நிறுத்தி வைத்தது.

விதிகளுக்காக நாம் தொடர்ந்து போராடுவோம். ஆனால் ஹாஸ்டல் அறையில் அந்தக் கேள்வி எழும்போது நீதிமன்றம் அங்கே இருக்காது. நீங்கள் இருப்பீர்கள். யாராவது கேட்டால், "அது எதுக்கு உனக்கு?" என்று நீங்கள் கேளுங்கள். சாப்பாட்டு மேசையில் தனியாக உட்கார்ந்திருக்கும் ஜூனியர் பக்கத்தில் போய் உட்காருங்கள். உங்கள் கல்லூரியில் எஸ்சி/எஸ்டி பிரிவு அலுவலகம் இயங்குகிறதா, பெயர்ப்பலகையோடு நிற்கிறதா என்று விசாரியுங்கள்.

வீட்டிலேயே முதல் ஆளாகக் கல்லூரி வாசல் மிதித்த நம்ம பிள்ளைகளே, ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். அந்த இருக்கை யாரும் போட்ட பிச்சை இல்லை. அரசமைப்புச் சட்டம் தந்த உரிமை. தலை நிமிர்ந்து உட்காருங்கள்!

#சமூகநீதி #கல்விஉரிமை