பட்டியும் கிடையும்



ஆடு அடையும் இடத்தை இன்று சிற்றூர்களிலும் 'ஷெட்டு' என்று சொல்லத் தொடங்கிவிட்டனர். ஒரு சொல்தானே, போனால் என்ன என்பார் உளர். போவது சொல் மட்டுமன்று.

இலை, தாள், தோகை, ஓலை என நிலைத்திணையின் ஓர் உறுப்பிற்கே தமிழர் வேறு வேறு பெயரிட்ட நுண்மையைப் பாவாணர் விளக்கிக் காட்டினார். அந்நுண்மை ஏடறியா இடையரிடத்தும் இருந்தது. கூரை வேய்ந்தது கொட்டில். மாடு கட்டுமிடம் தொழு. முள்ளாலோ படலாலோ சூழ அடைத்தது பட்டி. கூரையும் சுவருமின்றி வயல்வெளியில் ஆடுகள் இரவு தங்குவது கிடை. 'கிட' என்னும் வினையடியிற் பிறந்த சொல்.

பட்டி மிகப் பழையது. பத்துப்பாட்டில் ஒன்றான பெரும்பாணாற்றுப்படை, செம்மறியும் வெள்ளாடும் ஒருங்கே தங்கும் முள்வேலி வளைவையும் அங்கே படிந்த எருவையும் காட்டுகிறது. கன்னடத்திலும் மலையாளத்திலும் இச்சொல் உண்டு. ஆண்டிபட்டி, உசிலம்பட்டி, கோவில்பட்டி என ஊர்ப்பெயர் ஈறாகவும் நிலைத்தது. ஆட்டை அடைத்த வேலியின் பெயரே மாந்தர் குடியிருப்பிற்கும் ஆயிற்று. (அதனை நாட்டுப்புறப் பெயரென்று நாணி 'நகர்' என மாற்றிக்கொள்வோரும் உளர்!)

கிடையிலுள்ள அறிவோ இன்னும் ஆழமானது. தஞ்சை வயல்களில் அறுவடை முடிந்ததும் முகவைப் பகுதிக் கீதாரிகள் ஆடுகளோடு வருவர். பகலெல்லாம் மேய்ந்த ஆடுகளை மாலையில் ஒரு வயலில் வலை கட்டி அடைப்பர். இளங்குட்டிகளைப் பெருங்கூடையாற் கவிழ்த்து மூடுவர். நரிக்கு நாய் காவல். இரவு முழுதும் பிழுக்கையும் சிறுநீரும் மண்ணிற் படியும். மறுநாள் வலையைப் பெயர்த்து அடுத்த துண்டில் நடுவர். இவ்வாறு இடம் மாறி மாறி வயல் முழுதும் எருவேறும்; எருவை அள்ளவும் வேண்டா, வண்டியேற்றவும் வேண்டா. சிறுநீரின் தழையூட்டம் காற்றிற் கலந்து வீணாகாதிருக்க உழவர் விரைந்து மேலுழவு செய்வர். ஆட்டிற்கும் இதனால் நலமே. ஈரத்தில் ஓரிடத்தே அடைபட்டால் குளம்பு அழுகும்; நாள்தோறும் புதுத்தரையிற் படுத்தால் அத்தொல்லை குறையும். இத்தொண்டிற்கு உழவர் நெல்லாகவோ பணமாகவோ கூலி தருவர். கொங்கு நாட்டில் வலைக்கு மாற்றாக மூங்கிற் படல்களை நிறுத்துவர். வயலுக்கு வயல் பெயர்த்தாலும் அங்கே அதற்குப் பட்டி என்றே பெயர்.

இத்தனையுள் எதனை 'ஷெட்டு' உணர்த்தும்?

மேய்ச்சல் நிலங்கள் சுருங்கின, வேதியுரம் பெருகிற்று, கிடையும் குறைந்தது. எனினும் கீதாரிகள் இன்றும் வருகின்றனர். நார்வலைக்கு மாற்றாக நைலான் வலை வந்துள்ளது. ஆயினும் அவர்தம் வாயில் கிடை கிடையாகவே உள்ளது. தமிழாசிரியர்கள் மாணவரை அவர்களிடம் அழைத்துச் சென்று, வலை, முளை, படல், கூடை ஆகியவற்றிற்கு அவர்கள் வழங்கும் பெயர்களையெல்லாம் கேட்டெழுதச் செய்தல் வேண்டும். அறுவடை முடிந்த மாசியும் பங்குனியும் அதற்கேற்ற காலம்.