முகக்கவசமும் இளஞ்சிறார் கல்வியும்



கொரோனாக் காலத்து முகக்கவசம் இளஞ்சிறாரின் கல்வியை எவ்வாறு தொட்டது என்பது பற்றிச் சில சொல்ல விழைகின்றோம்.

தமிழ்நாட்டில் 2020 மார்ச்சில் மூடப்பட்ட தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் மீண்டும் திறந்தன. முதல் வகுப்புப் பிள்ளைகள் அன்று கண்டது, கண்கள் மட்டும் தெரிந்த ஆசிரியரை. 5 வயது வரையிலான குழந்தைகளுக்குக் கவசம் வேண்டுவதில்லை என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் 2020 ஆகஸ்டிலேயே அறிவுறுத்தியிருந்தன. இந்திய அரசின் 2021 சூன் வழிகாட்டுதலும் அவ்வாறே கூறிற்று. எனினும் அதற்கு மேற்பட்ட வயதினரும் ஆசிரியரும் கவசத்தோடே வகுப்பில் இருந்தனர். விதியைக் குறைகூற நாம் வரவில்லை. நோயின் கடுமை அத்தகையது.

பேச்சைக் குழந்தை கண்ணாலும் கற்கிறது. வாய் ஓர் ஒலியைக் காட்ட, செவியில் வேறோர் ஒலி விழுந்தால், கேட்போர் மூன்றாவது ஒலி ஒன்றைக் கேட்டதாக உணர்வதுண்டு என்று 1976இல் மக்கர்க், மெக்டொனால்டு என்னும் இருவர் எழுதினர். பகரத்திற்கு இதழ்கள் கூடுவதும், உகரத்திற்குக் குவிவதும், ழகரத்திற்கு நா மேல்நோக்கி வளைவதும் பார்த்துப் பழக வேண்டியவை. துணி மறைத்தால் ல, ள, ழ மூன்றையும் பிரித்தறிவது பிள்ளைக்குக் கடினமாகலாம். செவித்திறன் குறைந்த பிள்ளைக்கோ பாடமே இல்லை.

இவ்விழப்பு எல்லார்க்கும் பொது, ஆனால் சமமன்று. படித்த தாயும் புத்தகங்களும் உள்ள வீட்டில், மாலையில் கவசமில்லாத முகம் ஒன்று கதை வாசித்துக் காட்டும். நம் சேரியிலோ பெற்றோர் விடியுமுன் கூலிக்குச் செல்வர். ஏட்டுத் தமிழின் ஒலி பிள்ளைக்கு ஆசிரியர் வாய்வழியே கிடைத்தாக வேண்டும். பின்னாளில், நாக்கில் தமிழ் வரவில்லை என்று நகைக்கப்படுவதும் நம் பிள்ளையே. (கைகட்டி வாய்பொத்தி நிற்குமாறு நம் முன்னோர் பணிக்கப்பட்டது வேறு கதை; அது நோய்க்கு அஞ்சியன்று.)

பள்ளி மூடிக்கிடந்த ஏறத்தாழ 19 மாதங்களின் இழப்பையும் கவசத்தின் இழப்பையும் பிரித்து அளத்தல் அரிது. முன்னதே பெரிது என்பது எம் கணிப்பு. 2021 அக்டோபரில் அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி, தன்னார்வலர்களைக் கொண்டு மாலைதோறும் வீட்டருகே பிள்ளைகளை அமர்த்திக் கற்பித்தது. அவ்வழி நமக்கும் உகந்ததே.

அன்றைய சிறார் இன்று மேல்வகுப்புகளில் உள்ளனர். அவர்தம் எழுத்துப் பிழைகளைச் சிவப்பு மையால் சுழிப்பதோடு நில்லாதீர். மாலைப் பள்ளிப் பொறுப்பேற்கும் இளைஞர்கள் நாள்தோறும் அரைமணி நேரமேனும் பிள்ளைக்கு எதிரே, முகம் தெரியும் வெளிச்சத்தில் அமர்ந்து உரக்க வாசித்துக் காட்டுங்கள். பின் பிள்ளையை வாசிக்கச் செய்யுங்கள். பன்முறை சொல்லியும் ஒலி பிடிபடாத பிள்ளையை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று செவியைச் சோதிக்கச் செய்யுங்கள்.