டீச்சருக்கு நான் கத்துக் கொடுத்த கதை

மேடையில் பேசிப் பழக்கமில்லை, தப்பு இருந்தா பொறுத்துக்கோங்க.

2018-ல் என் மகள் ஒண்ணாம் வகுப்பு. புதுப் பாடப் புத்தகத்தில் கியூஆர் கோடு இருந்தது. இது எதுக்குன்னு டீச்சரைக் கேட்டேன். "எனக்கும் தெரியலைம்மா, என்கிட்ட இருக்கறது பட்டன் போன்" என்று சிரித்தார்.

2020-ல் கொரோனாவால பள்ளிக்கூடம் மூடிட்டாங்க. கல்வி டிவியில் பாடம் ஓடும், இவ விளையாட ஓடிடுவா. மூணாம் வகுப்புப் பிள்ளை தன் பேரிலேயே ஒரு எழுத்தை விட்டு எழுதினாள். எனக்கு வயிறு கலங்கிப் போச்சு.

அப்போதான் டீச்சர் புது போனோடு எங்க திண்ணைக்கு வந்தார். நான் குழுக் கடனில் போன் வாங்கி, குழுக் கணக்குக்காகப் பழகியிருந்தேன். (அதுக்கு வீட்டுக்காரர்கிட்ட வாங்கின திட்டு தனிக்கதை.) தீக்‌ஷா செயலியை இறக்கிக் காட்டினேன். பத்தாவது படிச்சவ டீச்சருக்குச் சொல்லித் தர்றதான்னு கூச்சம். அவரோ ஒவ்வொண்ணையும் நோட்டில் எழுதிக்கிட்டார்.

பள்ளி திறந்ததும் முதல்ல வீடியோவை ஓடவிட்டுச் சும்மா நின்னார். பிள்ளைங்க வாயைப் பிளந்து பார்த்ததோட சரி. அப்புறம் அவரே யோசிச்சு, பாதியில் நிறுத்தி, "அடுத்து என்ன ஆகும், சொல்லு" என்று கேட்க ஆரம்பித்தார். பிள்ளைங்க வாசிக்கிறதைப் பதிவு பண்ணி அவங்களுக்கே போட்டுக் காட்டினார். விட்ட எழுத்தை என் மகள் தானே கண்டுபிடிச்சா.

இப்போ அங்கே ஸ்மார்ட் போர்டு வந்திருக்கு. போன வாரம் டீச்சர் கூப்பிட்டார், "ஒரு சந்தேகம், வந்துட்டுப் போம்மா" என்று. எனக்கும் அது தெரியாது. ஆனாலும் போனேன்.